சென்னையிலிருந்து கன்னியாகுமரி: முதல் நெடும்பயணத்துக்கு வண்டியையும் உங்களையும் எப்படித் தயார் செய்வது?

முதல்முறையாகக் குடும்பத்தோடு சொந்தக் காரில் கன்னியாகுமரி வரை போகப்போவதாகவும், வண்டி 5 வருடம் ஓடியது, நீங்கள் ஒருவர்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நான் இந்த ரோட்டில் பல தடவை போய் வந்திருக்கிறேன், அதில் பட்டதை வைத்தே சொல்கிறேன்.

சர்வீஸைக் கிளம்புவதற்கு முந்தின நாள் செய்யாதீர்கள். பத்து நாள் முன்னாடியே விட்டு எடுத்து, அதற்கப்புறம் ஆபீஸ், கடை என்று ஒரு 150 கிலோமீட்டராவது ஊருக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள். ஆயில் மாற்றும்போது அடிப்பக்க போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்தாலோ, கூலன்ட் பைப் கிளிப் லூசாக இருந்தாலோ, பிரேக் பேட் மாற்றியதில் ஏதாவது சத்தம் வந்தாலோ அது இந்த 150 கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். வீட்டுப் பக்கத்தில் தெரிந்தால் திரும்பக் கொண்டுபோய் விடலாம், உளுந்தூர்பேட்டை தாண்டித் தெரிந்தால் என்ன செய்வீர்கள்? இந்தப் பத்து நாளும் காலையில் வண்டி எடுக்கும்போது, நின்றிருந்த இடத்தில் தரையில் சொட்டு ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஏசி தண்ணீர் சொட்டினால் பயமில்லை, ஆயில் கறையோ கலர் தண்ணீரோ இருந்தால் உடனே காட்டுங்கள். பேட்டரி முதலில் வந்ததே இன்னும் ஓடுகிறது என்றால் கடையில் டெஸ்டரில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

டயர்தான் பெரிய விஷயம். 5 வருட வண்டி என்றால் பழைய டயர்களே இருக்கலாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் மேடு) நன்றாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், ரப்பருக்கு வயது உண்டு. ஆறு வருடத்தை நெருங்கிவிட்டால், அல்லது பக்கச் சுவரில் சின்ன வெடிப்போ வீக்கமோ தெரிந்தால், மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பட்டன்களுக்கு நடுவே சின்ன மேடு மாதிரி இருப்பது தேய்மானக் குறி, அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர், பட்டன் அந்த அளவுக்குத் தேய்ந்துவிட்டால் அந்த டயர் மழையில் பிடிக்காது.

காற்று விஷயத்தில் நம் ஊரில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. வெயிலில் டயர் வெடித்துவிடும், அதனால் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும் என்பார்கள். உண்மை நேர்மாறானது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் அதிகமாக மடங்கி மடங்கி விரியும், அந்த மடங்கலில்தான் சூடு ஏறும், வேகமும் பாரமும் சேர்ந்தால் அங்கேதான் கிழியும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆள் குறைவாக இருக்கும்போது எவ்வளவு, முழு பாரத்துக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். ஐந்து பேரும் பெட்டிகளும் என்றால் முழு பார அளவைத்தான் வைக்க வேண்டும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன் சூடில்லாத டயரில் பார்த்ததுதான் சரியான அளவு. 300 கிலோமீட்டர் ஓடிவிட்டுப் பங்கில் பார்த்தால் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், பதறிப்போய்க் காற்றை இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜன் கட்டாயமா என்று கேட்பார்கள், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அளவு சரியாக இருந்தால் போதும்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். ஒருமுறை விராலிமலை தாண்டி எங்களுக்கு ஆணி ஏறிவிட்டது, மத்தியானம் பன்னிரண்டரை மணி வெயில். ஜாக்கியை எடுத்து வைத்துவிட்டேன், வீல் நட்டு அசையவே இல்லை. அதற்கு முந்தின வாரம் அலைன்மென்ட் செய்த கடையில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கி விட்டிருந்தார்கள், வண்டியோடு வந்த குட்டி ஸ்பேனரால் என்ன மிதித்தும் திரும்பவில்லை. என் மாமியாரும் குழந்தையும் ரோட்டோரம் கருவேல மர நிழலில் நின்றிருந்தார்கள். ஒரு லாரி டிரைவர் அண்ணன் நிறுத்தி, நீளமான இரும்புக் குழாயை ஸ்பேனரில் செருகிக் கழற்றிக் கொடுத்தார். சரி மாட்டலாம் என்று பார்த்தால் ஸ்டெப்னியில் பாதிக் காற்றுகூட இல்லை. மெதுவாக உருட்டிக்கொண்டே அடுத்த பஞ்சர் கடை வரை போனோம். அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிப் பார்த்துவிடுகிறேன். நீங்களும் செய்யுங்கள், அரை மணி நேரம்தான் ஆகும். நட்டு வருகிறதா, ஜாக்கி எந்த இடத்தில் வைக்க வேண்டும், உங்கள் ஸ்டெப்னி மற்ற டயரைவிடச் சின்னதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும் (சின்னதாக இருந்தால் அதில் எழுதியிருக்கும் வேகத்தைத் தாண்டக் கூடாது).

வழியில் அப்படி நிற்க நேர்ந்தால் ஹசார்ட் லைட்டைப் போட்டு, முக்கோணப் பலகையைக் குறைந்தது ஐம்பது மீட்டர் பின்னால் வைத்து, எல்லோரையும் இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். வெயில் என்று யாரையும் வண்டிக்குள் உட்கார வைக்காதீர்கள், பின்னால் வருகிறவர் தூங்கி வழிந்து வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. பாஸ்டாக்கில் பணம், இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் முந்தின வாரமே பார்த்துவிடுங்கள்.

இனி நீங்கள். கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர், நிறுத்தங்களோடு சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே ஆள் ஓட்டுவதென்றால் என் கருத்து, மதுரையில் ஒரு இரவு தங்கிவிடுங்கள். ஆபீஸ் முடித்துச் சாப்பிட்டு ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி விடியும்போது போய்ச் சேரலாம் என்ற திட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தூக்கத்துக்கென்றே வைத்திருக்கும் நேரம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறது, நான்கு நொடி கண் சொக்கினால் நூறு மீட்டருக்கு மேல் யாரும் ஓட்டாத வண்டி அது. பின் விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிகளும் அந்த நேரத்தில்தான் அதிகம்.

முந்தின நாள் ஒன்பது மணிக்குப் படுத்து, காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். பெட்டிகளைச் சாயங்காலமே ஏற்றிவிட்டால் ராத்திரி தூக்கம் கெடாது. காலை நாலு இட்லி போதும், மத்தியானம் பிரியாணியை மதுரை போய்ச் சேர்ந்ததும் சாப்பிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் இறங்கி நடக்க வேண்டும். ஏசியை உள்காற்றிலேயே சுற்றவிட்டு மணிக்கணக்கில் ஓட்டினால் ஐந்து பேர் மூச்சில் உள்ளே காற்று கெட்டு மந்தமாகிவிடும், இடையிடையே வெளிக்காற்று வர விடுங்கள். கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ, கடைசியாக எந்த ஊரைத் தாண்டினோம் என்று நினைவு வரவில்லை என்றாலோ, பங்க்கிலோ டீக்கடையிலோ நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் சாய்ந்து தூங்குங்கள். காபி வேலை செய்ய அந்த அளவு நேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதும் முகம் கழுவுவதும் பத்து நிமிடத்துக்குக்கூடத் தாங்காது. சளி மாத்திரை, வாந்தி மாத்திரை இரண்டும் தூக்கம் தரும், பின்னால் இருப்பவர்களுக்குக் கொடுக்கலாம், நீங்கள் போடாதீர்கள்.

பின் சீட்டில் எல்லோரும் பெல்ட் போட வேண்டும், பாட்டி உட்பட. தண்ணீர் பாட்டிலை டிரைவர் கால் பக்கம் வைக்காதீர்கள், உருண்டு பிரேக்குக்கு அடியில் போய்விட்டால் மிதிக்க முடியாது.

மறுநாள் திருநெல்வேலி தாண்டி வள்ளியூர், பணகுடி பக்கம் காற்றாலைகள் தெரிய ஆரம்பிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறீர்கள் என்றால் அங்கே பக்கக் காற்று வண்டியைத் தள்ளும், முக்கியமாகப் பெரிய லாரியைத் தாண்டி முன்னே வரும் அந்த நொடியில். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து வேகத்தை எண்பதுக்குக் கீழே கொண்டு வந்துவிடுங்கள், கூரை மேல் பெட்டி கட்டியிருந்தால் இன்னும் குறைவாக.