ஃபர்லோ கடிதம் வந்த வீடுகளிலிருந்து: விமானிகளும் குடும்பத்தாரும் கேட்டவை

அமெரிக்காவின் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் 2024 நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 2025 ஆகஸ்டில் இரண்டாம் முறையும் போனது. இந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கான விமானிகளுக்கு ஃபர்லோ கடிதம் வந்தது. இங்குள்ள சில தமிழ்க் குடும்பங்கள் எழுதிய கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

ஃபர்லோ என்பது டிஸ்மிஸ் அல்ல. வேலையும் சம்பளமும் நின்றுவிடும். சீனியாரிட்டி பட்டியலில் உங்கள் எண் மட்டும் இருக்கும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே போவார். திரும்ப அழைக்கும்போது, அதாவது ரீகாலில், சீனியர் முதலில் போவார். 2001 செப்டம்பருக்குப் பிறகு நானும் அந்த வரிசையில் நின்றவன். 2020-இல் யூனியனின் உதவிக் குழுவில் தொலைபேசி எடுத்தவன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

என் கணவர் ஃபர்ஸ்ட் ஆபிசர். பேஸ், அதாவது பணி தொடங்கும் விமான நிலையம், ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல்; வீடு ஜார்ஜியாவில். வேலையில்லாக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்க மறுக்கிறார். "கை நீட்டுவதா?" என்கிறார். எந்த மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் தெரியவில்லை.

தங்கையே, அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அது யாரும் போடும் பிச்சை அல்ல. அவர் வேலை பார்த்த ஒவ்வொரு காலாண்டுக்கும் கம்பெனி அவர் பெயரில் வரி கட்டியிருக்கிறது. வீடு எரிந்தால் வீட்டுக் காப்பீட்டுப் பணத்தை வாங்க யாராவது கூச்சப்படுவார்களா?

விமானப் பணியாளர்களுக்குப் பொதுவாகக் குடியிருக்கும் மாநிலம் கணக்கில்லை. கம்பெனி எந்த மாநிலத்துக்குச் சம்பளக் கணக்கு அனுப்பியதோ அதுதான் கணக்கு. பெரும்பாலும் அது பேஸ் இருக்கும் மாநிலம். உங்களுக்கு ஃபுளோரிடாவாக இருக்கும். சம்பள ரசீதில் எந்த மாநிலம் என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபுளோரிடா தருவது அதிகபட்சம் வாரத்துக்கு 275 டாலர்தான். சாதாரண நாட்களில் 12 வாரம். குறைவுதான், ஆனால் மளிகைக்கும் மின்கட்டணத்துக்கும் ஆகும். தாமதித்த வாரங்களுக்குப் பின்தேதியிட்டுத் தருவது அபூர்வம். அதனால் கடிதத்தில் உள்ள தேதி வந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். இந்தப் பணத்துக்கு மத்திய வருமான வரி உண்டு. 10 சதவீதம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டால் ஏப்ரலில் வரிக் கணக்கு முடிக்கும்போது திண்டாட வேண்டாம்.

கிரீன் கார்டுக்கு இடைஞ்சல் வருமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வேலையில்லாக் காப்பீடு உழைத்துச் சேர்த்த உரிமை. அரசு உதவியில் வாழ்பவர் என்ற கணக்கில் குடியேற்றத் துறை அதைச் சேர்ப்பதில்லை.

இரண்டு வருடம் சந்தா கட்டினேன். கடிதம் வந்த பிறகு யூனியன் என்ன செய்தது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் 2001-இல் இதே கேள்வியைக் கேட்டேன். யூனியனின் பெரிய வேலை கடிதம் வருவதற்கு முன்னால் நடக்கிறது, அதனால் அது நம் கண்ணில் படுவதில்லை. 2020-இல் கொரோனாவுக்காக அரசு தந்த சம்பள உதவி செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்தது. மறுநாளே அமெரிக்கன், யுனைடெட் இரண்டும் சேர்ந்து 30,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை ஃபர்லோவில் அனுப்பின. ஆனால் யுனைடெட் விமானிகள் மட்டும் தப்பினார்கள். அவர்களுடைய யூனியனான அல்பா, பறக்கும் நேரத்தை எல்லோரும் குறைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம் போட்டிருந்தது. டெல்டாவிலும் அதுபோல ஒன்று நடந்தது. சீனியர்கள் தங்கள் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததால் ஜூனியர்களின் வீட்டில் அடுப்பு எரிந்தது. எல்லாக் கம்பெனியிலும் இது கைகூடாது; திவாலில் இருக்கும் கம்பெனியில் பேச இடமே குறைவு.

கடிதத்துக்குப் பிறகும் வேலை இருக்கிறது. நாம் கேட்டால்தான் அது நடக்கும். விமானிகளின் ஃபர்லோ உரிமைகளில் பெரும்பகுதி சட்டத்தில் இல்லை, யூனியனும் கம்பெனியும் போட்ட ஒப்பந்தப் புத்தகத்தில் இருக்கிறது. சட்டம் தருவது, பெரிய ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்பு என்ற 1988-ஆம் ஆண்டு விதி போன்ற சிலவற்றைத்தான். அந்தப் புத்தகத்தில் ஃபர்லோ பற்றிய அத்தியாயத்தை எடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். ஃபர்லோ சம்பளம் எத்தனை மாதம், மருத்துவக் காப்பீடு எதுவரை, ரீகால் உரிமை எத்தனை ஆண்டு, ஒருமுறை ரீகாலை மறுத்தால் எண் போய்விடுமா? விடை கிடைக்காத கேள்வியோடு உங்கள் பேஸின் யூனியன் பிரதிநிதியைக் கூப்பிடுங்கள். பட்டியலில் உங்கள் எண் சரியா என்றும் பாருங்கள். வரிசை தவறி அனுப்பியிருந்தால் முறையீடு செய்யக் காலக்கெடு உண்டு. சந்தா சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான். சம்பளம் இல்லாதபோது அதுவும் இல்லை. உறுப்பினர் பட்டியலிலிருந்து மட்டும் பெயரை எடுத்துவிடாதீர்கள்.

வேறு ஏர்லைன்ஸில் வேலை கிடைக்கும்போல இருக்கிறது. பழைய சீனியாரிட்டி எண்ணை ராஜினாமா செய்துவிட்டு வா என்கிறார்கள். செய்யலாமா?

இதற்கு ஒரே பதில் இல்லை. பழைய கம்பெனி பிழைக்கும் என்று நம்பினால், எண்ணுக்கு மதிப்பு உண்டு. மூடிவிட்டால் அது வெறும் எண். 1991-இல் ஈஸ்டர்னும் பான் ஆமும் மூடியபோது முப்பது வருட சீனியர்களும் புதிதாகச் சேர்ந்தவரும் ஒரே நாளில் சமமானார்கள். 2001-க்குப் பிறகு ரீகாலுக்காகப் பத்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள் உண்டு. ஓய்வு வயது 65. உங்களுக்கு 32 வயது என்றால் புதிய பட்டியலில் முன்னேற நேரமிருக்கிறது. என் கருத்தில் நல்ல கம்பெனி கூப்பிட்டால் போய்விடுங்கள். 50 என்றால் நிதானமாக யோசியுங்கள். எதுவானாலும் புதிய கம்பெனியின் வேலை உத்தரவு எழுத்தில் கைக்கு வராமல் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. ரீகால் கடிதம் பதிவுத் தபாலில் வரும்; பதில் சொல்லக் கொஞ்ச நாள்தான் இருக்கும். என் நண்பர் ஒருவர் வாடகை குறைவான வீட்டுக்கு மாறினார், கம்பெனியிடம் முகவரியை மாற்றவில்லை. பழைய வீட்டுக் கதவில் தபால்காரர் ஒட்டிய சீட்டு மூன்று வாரம் வெயிலில் காய்ந்தது. அவர் எண்ணை மீட்க யூனியன் வக்கீல் ஒரு வருடம் போராடினார். வீடு மாறினால் பெட்டி கட்டும் முன் முகவரியை மாற்றுங்கள்.

மருத்துவக் காப்பீடு?

கோப்ரா என்ற அமெரிக்கச் சட்டப்படி பழைய காப்பீட்டையே 18 மாதம் வரை தொடரலாம். ஆனால் கம்பெனியின் பங்கையும் சேர்த்து 102 சதவீதம் வரை நீங்களே கட்ட வேண்டும். முடிவெடுக்க 60 நாள் உண்டு. எடுத்தால் காப்பீடு நின்ற நாளிலிருந்து செல்லும், அந்த நாட்களுக்கும் தவணை கட்ட வேண்டும். மனைவியின் கம்பெனிக் காப்பீட்டில் சேர்வதென்றால் பொதுவாக 30 நாள்தான். அதை முதலில் விசாரியுங்கள். அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் வாங்குவதென்றால் 60 நாள்.

தூக்கம் வருவதில்லை. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. டாக்டரிடம் போனால் பறக்கத் தகுதி தரும் மெடிக்கல் சர்டிஃபிகேட் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

தம்பி, வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஃபர்லோ ஆன முதல் குளிர்காலத்தில் நான் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து சட்டைக்கு இஸ்திரி போடுவேன். போக இடம் கிடையாது. கைக்குப் பழகிப்போன வேலை, அவ்வளவுதான். ஒருநாள் மனைவி எழுந்து வந்து இஸ்திரிப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றுதான் வாய்விட்டுப் பேசினேன்.

உங்கள் பயத்தில் பாதி உண்மை, பாதி கேள்விப்பட்டது. அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ.-யின் மருத்துவப் படிவத்தில் கடந்த மூன்று ஆண்டு மருத்துவச் சந்திப்புகளை எழுத வேண்டும், உண்மை. ஆனால் கம்பெனியின் ஊழியர் உதவித் திட்டத்தில் பெறும் ஆலோசனையை, குடிப்பழக்கம், போதைப் பழக்கத்துக்காக இல்லாமலும் மனநலப் பரிசோதனை, சிகிச்சை வரை போகாமலும் இருந்தால், எழுத வேண்டியதில்லை. படிவத்தின் குறிப்பிலேயே அது இருக்கிறது. மாத்திரை வேண்டியிருந்தாலும் வழி அடைபடவில்லை: 2010 முதல் சில மன அழுத்த மருந்துகளோடு, சிறப்பு அனுமதி பெற்றுப் பறக்கலாம். அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பறக்காமல் இருக்கும் இந்த நாட்கள்தான் அதற்கு ஏற்ற காலம். வேலையில் இருக்கும்போது இழக்கும் சம்பளம் இப்போது இல்லை. படிவத்தில் மறைப்பதுதான் உண்மையிலேயே லைசென்ஸைப் பறிக்கும்.

முதல் அடியாக, யூனியனின் சக விமானி ஆதரவு எண்ணைக் கூப்பிடுங்கள். எதிர்முனையில் எடுப்பவரும் விமானிதான். அடுத்த மெடிக்கலுக்கு முன் யூனியனின் விமான மருத்துவப் பிரிவில் டாக்டரிடம் கேளுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழுத்துங்கள், எந்த நேரமானாலும். எனக்கும் மறுபடி எழுதுங்கள். காத்திருப்பேன்.

ஓய்வூதியக் கணக்கிலிருந்து கொஞ்சம் எடுக்கலாமா?

கடைசி வழியாக மட்டும். 59½ வயதுக்கு முன் எடுத்தால் பெரும்பாலும் வரியோடு 10 சதவீத அபராதமும் சேரும். முதலில் வீட்டுக்கடன் வங்கியிடம் பேசுங்கள். தவணை தவறும் முன் பேசினால் அவர்களும் காது கொடுப்பார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். மகன் ஏர்பஸ் ஓட்டுகிறான், இந்தியக் குடிமகன், அங்கே கிரீன் கார்டு. இங்கே வந்து பறக்கட்டுமே என்பது எங்கள் ஆசை.

ஐயா, வரலாம். இந்திய விமானப் போக்குவரத்துத் துறையான டி.ஜி.சி.ஏ.-யின் தேர்வுகள் எழுதி, கிளாஸ் 1 மெடிக்கல் எடுத்து, அமெரிக்க லைசென்ஸை மாற்றிக்கொள்ள வேண்டும். சில மாதம் பிடிக்கும். ஆனால் ஒன்றை முன்கூட்டியே யோசிக்கச் சொல்லுங்கள். 2017-இல் வந்த டி.ஜி.சி.ஏ. விதிப்படி இந்திய ஏர்லைன்ஸிலிருந்து விலக கேப்டன் ஒரு வருடமும் கோ-பைலட் ஆறு மாதமும் நோட்டீஸ் தர வேண்டும். அமெரிக்க ரீகாலுக்கோ சில வாரங்களில் போய் நிற்க வேண்டும். இரண்டும் ஒத்துவராது. கிரீன் கார்டுக்காரர் நீண்ட நாள் வெளிநாட்டில் இருந்தால் அதற்கும் சிக்கல்; கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ரீகாலைத் தள்ளிப்போட இடமிருக்கிறதா என்று யூனியனிடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் போடச் சொல்லுங்கள். அதுவரை வாரம் ஒருமுறை நீங்கள் அவனைக் கூப்பிடுங்கள். வேலை பற்றிக் கேட்காமல், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.