சாவிக்கடையில் வெட்டிய டூப்ளிகேட் சாவி கார் கதவைத் திறக்கிறது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஏன்?

பல் சரியாக விழுந்திருப்பதால் கதவு திறக்கிறது. என்ஜினுக்கு அது போதாது. ஒரிஜினல் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் துக்கடா சிப் ஒன்று இருக்கும். அதற்கு பேட்டரி கிடையாது (பேட்டரி ரிமோட் பட்டனுக்குத்தான்). சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் (காயில்), பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில், எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு சிப் தன் குறியீட்டைச் சொல்லும். பொருந்தாவிட்டால், என்ஜினை ஓடவிடாமல் தடுக்கும் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு விடாது. சில வண்டிகள் ஒரு நொடி உறுமிவிட்டு அணையும், டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னும்.

சரி, என்ன செய்வது? ஆர்.சி.யும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு கருவியை இணைக்கும் துளை) கருவியைச் செருகிப் புதுச் சிப்பைப் பதிவார்கள். கருவி வைத்திருக்கும் சாவிக்காரரும் செய்வார், அவரிடம் பெரும்பாலும் மலிவு. வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் கொண்டுபோங்கள். சில மாடல்களில் புதியதைப் பதியும்போது பழையவை அழிந்துவிடும். ஏதாவது சாவி தொலைந்திருந்தால் அதன் பதிவை அழிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அது கதவைத் திறக்கும், அவ்வளவுதான்.