தம்பி இறந்த பிறகு பார்ட்னர்ஷிப் கம்பெனியை விற்கலாமா?

கேள்வி: ஈரோடு பக்கம் மசாலாத் தூள் கம்பெனி நடத்துகிறேன். நானும் தம்பியும் மட்டும்தான் பார்ட்னர்கள். 2021-ல் தம்பி இறந்துவிட்டான், அதன்பிறகு நானே பார்த்துக்கொள்கிறேன். இடம் எங்கள் இருவர் பெயரிலும், பிராண்டு என் பெயரிலும் இருக்கிறது. தம்பிக்கு மனைவி, 15 வயது மகன். எங்கள் அம்மாவும் இருக்கிறார். கோவைக்காரர் ஒருவர் வாங்கத் தயார், ஆறு மாதத்தில் முடிக்கச் சொல்கிறார். முடியுமா?

பதில்: அட்வான்ஸ் இன்னும் வாங்கவில்லை என்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள். இரண்டே பேர் இருந்த ஃபர்மில் ஒருவர் இறந்தால் அது அன்றே கலைந்துவிடும். பத்திரத்தில் 'தொழில் தொடரும்' என்று எழுதியிருந்தாலும் ஒற்றை ஆளை வைத்து பார்ட்னர்ஷிப் கிடையாது. கலைந்த ஃபர்மின் பான் நம்பரிலேயே இன்னும் ஜிஎஸ்டி கட்டிக்கொண்டிருந்தால், உங்கள் ஆடிட்டரிடம் முதலில் பேசவேண்டியது அதைத்தான். பழைய ஜிஎஸ்டி பாக்கி வாங்குபவர் தலையிலும் விழும் என்பதால், அவருடைய வக்கீல் தோண்டாமல் விடமாட்டார்.

அடுத்தது தம்பியின் கணக்கு. கணக்கு முடிக்காமல் தொழிலைத் தொடர்ந்தால், அவர் பங்கை வைத்து வந்த லாபத்தையோ அல்லது அந்தப் பங்குத் தொகைக்கு ஆண்டுக்கு 6% வட்டியையோ, எது வேண்டுமோ அதை அவர் வாரிசுகள் கேட்கலாம் என்கிறது 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்தின் 37-வது பிரிவு. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதவில்லை என்றால் குட்வில்லும், அதாவது தொழிலின் நல்ல பெயருக்கும் வாடிக்கையாளர் நம்பிக்கைக்கும் உள்ள மதிப்பும், அந்தக் கணக்கில் சேரும், ஆகவே பிராண்டு என் பெயரில்தானே இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. அப்புறம் பலரும் மறப்பது: தம்பி உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகனோடு உங்கள் அம்மாவுக்கும் சம பங்கு உண்டு. மூன்று பேரோடும் கணக்கு முடித்து எழுத்தில் வாங்குங்கள். தம்பி மனைவி தன் பக்கம் ஒரு ஆடிட்டரை வைத்துக்கொண்டால் கோபப்படாதீர்கள், நாளைக்கு வழக்கு வந்தால் உங்களைக் காப்பாற்றப் போவதே அதுதான்.

இடம்தான் நிஜமான சிக்கல். தம்பியின் மைனர் மகனின் பங்கை, அவனுடைய அம்மாவே கார்டியனாக இருந்தாலும், கோர்ட் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. விற்றால் பையன் மேஜரான பிறகு அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அனுமதி ஆறு மாதத்தில் வரும் என்று எந்த வக்கீலாவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

அதனால் என் யோசனை, இப்போதைக்குத் தொழிலை மட்டும் விற்று இடத்தை லீசுக்கு விடுங்கள். மைனர் பங்கு இருப்பதால் கோர்ட் அனுமதி இல்லாத லீஸ் ஐந்து வருடத்தைத் தாண்டக்கூடாது, பையனுக்கு 19 வயது ஆவதற்குள்ளும் முடிந்துவிட வேண்டும். உங்களுக்கு ஏறத்தாழ நான்கு வருடம் கிடைக்கும். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர் செய்யுங்கள்.

இனி இதே தொழில் செய்யமாட்டேன் என்று வாங்குபவர் எழுதிக் கேட்பார். குட்வில்லை விற்கும்போது அது செல்லும், ஆனால் எந்த எல்லைக்குள் என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் இன்னும் மனு போடவில்லை என்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.