முழுப் பல்செட்டுக்கு அளவெடுக்க எந்தப் பொருள்? வாசகர் கேள்வி-பதில்

கே: சித்திரை, வைகாசியில் ஆல்ஜினேட் (தண்ணீரில் குழைத்து அச்செடுக்கும் பொடி) வாய்க்குப் போகும் முன்பே ட்ரேயில் (அச்சுப் பொருளை வாய்க்குள் வைக்கும் தட்டில்) இறுகிவிடுகிறது. புது டப்பா வாங்கியும் அப்படியே. (பல் மருத்துவர், பாளையங்கோட்டை)

டப்பாவை விடுங்கள், மாடித் தொட்டித் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். மத்தியானம் அது வெந்நீர். சூடு ஏற ஏற ஆல்ஜினேட் சீக்கிரம் இறுகும். ஃபிரிட்ஜ் தண்ணீரைக் கலந்து 20 டிகிரி வாக்கில் கொண்டுவாருங்கள். கிண்ணத்தில் தண்ணீர் முதலில், பொடி பிறகு. நேரம் கிடைக்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள். அச்சு பலமிழந்து ஓரம் கிழிந்து வரும்.

கே: குற்றாலச் சாரல் நாட்களில் ஜிங்க் ஆக்சைடு யூஜினால் பேஸ்ட்டிலும் (இரண்டு குழாயில் வரும் அச்சுப் பசை) இதே தொல்லை. கலக்கும் கண்ணாடிப் பலகையை ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் மோசம். (தென்காசி)

மோசமாகத்தான் ஆகும். இந்தப் பேஸ்ட்டை இறுகத் தூண்டுவதே ஈரம். சாரல் காற்றில் குளிர்ந்த கண்ணாடியை எடுத்து வைத்தால் அது வியர்க்கும். அந்த முத்து முத்தான நீரின் மேலேயே பேஸ்ட்டைப் பிழிகிறீர்கள். எண்ணெய் ஊறாத தாளில் கலக்குங்கள். இரண்டு குழாயிலும் சம நீளம், ஒரே நிறமாகும் வரை, ஒரு நிமிடத்துக்குள். அப்படியும் போதவில்லை என்றால் துளி வாசலின் சேர்க்கலாம்.

கே: கீழ்த்தாடை தேய்ந்து தட்டையாகிவிட்டது. அதன் மேல் மெல்லிய ஈறு மடிந்து கிடக்கிறது. லைட் பாடி (இளக்கமாக ஓடும் சிலிக்கோன் அச்சுப் பசை) போட்டும் செட் குத்துகிறது. (சங்கரன்கோவில்)

லைட் பாடி அந்த மடிப்பை அப்படியே படம் பிடித்துவிடும். செட் உட்காரும்போது மடிப்பு நசுங்கி வலிக்கும். இங்கே மடிப்பை நீவிவிடும் கெட்டியான பொருள் வேண்டும். இம்ப்ரெஷன் காம்பவுண்ட் (சூட்டில் இளகும் பழுப்பு அச்சுக் கட்டி) 3 பங்கு, கிரீன் ஸ்டிக் (அதே வகைப் பச்சைக் குச்சி) 7 பங்கு. எடையில், கண்ணளவில் அல்ல. 60 டிகிரி நீரில் இளக்கி, கையுறையில் வாசலின் தடவி, பச்சையும் பழுப்பும் கோடு கோடாகத் தெரியாதபடி பிசையுங்கள். ஸ்பேசர் மெழுகை (அச்சுப் பொருளுக்கு இடம்விட வைத்த மெழுகு) எடுத்த ஸ்பெஷல் ட்ரேயில் (அந்த வாய்க்கென்றே செய்த ட்ரே) நிரப்பி வைத்து, நாக்கையும் கன்னத்தையும் அசைக்கச் சொல்லுங்கள். வெளியே எடுத்துக் குளிரவைத்து, மறுபடி வாயில் வைத்து விரலால் அழுத்துங்கள். அழுத்தம் தெரியலாம், வலிக்கக் கூடாது. வலித்தால் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

கே: மேல் முன் ஈறு தொட்டால் ஆடுகிறது. (அம்பாசமுத்திரம்)

மேலே சொன்னதற்கு நேர் எதிர்: இதை அழுத்தவே கூடாது. அழுத்தி எடுத்த அச்சில் செய்த செட்டை, வாய் சும்மா இருக்கும்போது அந்த ஈறு நிமிர்ந்து கீழே தள்ளிவிடும். ஆடும் பகுதிக்கு நேரே ட்ரேயில் ஜன்னல் வெட்டுங்கள். ஓரம் கிரீன் ஸ்டிக், உறுதியான ஈறுக்கு ஜிங்க் ஆக்சைடு பேஸ்ட். ஜன்னலுக்குள் வழிந்ததைப் பிளேடால் சீவிவிட்டு, ட்ரேயை மறுபடி வாயில் வைத்து, ஜன்னல் வழியே லைட் பாடியை ஊற்றினாற்போல் விடுங்கள். ஊசி முனையால்கூட ஈறைத் தள்ள வேண்டாம்.

கே: எங்க ஆச்சிக்கு வாய் எப்போதும் வறண்டே இருக்கு. போன தடவை அளவெடுத்தப்போ எரியுதுன்னு அழுதுட்டாங்க. (வள்ளியூர்)

எரிச்சல் பெரும்பாலும் யூஜினாலால். கிராம்பு எண்ணெயில் இருப்பது அதுதான். எச்சில் இல்லாத வாயில் அந்தப் பேஸ்ட் ஒட்டவும் செய்யும். சிலிக்கோன் லைட் பாடியில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய செட் இருந்தால், அளவெடுக்கும் முன் ஒரு நாள் முழுக்கக் கழற்றி வைக்கட்டும், ஈறு தன் இயல்புக்கு வரும்.

கே: அச்சை பஸ் பார்சலில் திருநெல்வேலி லேபுக்கு அனுப்பலாமா?

ஆல்ஜினேட்டை வேண்டவே வேண்டாம். காய்ந்தால் சுருங்கும், ஈரப் பஞ்சில் ஊறினால் உப்பும். 15 நிமிடத்துக்குள் கிளினிக்கிலேயே ஸ்டோன் (கல்லாக இறுகும் ஜிப்சம் மாவுக் கரைசல்) ஊற்றி, காஸ்ட்டை (அதில் கிடைக்கும் வாயின் மாதிரியை) அனுப்புங்கள். ஜிங்க் ஆக்சைடு அளவில் நிலையானது. ஆனால் அதன் ஓரத்துக் கிரீன் ஸ்டிக் வெயிலில் நிற்கும் வண்டிச் சூட்டில் இளகி வளையும். அதற்கும் ஸ்டோன் ஊற்றியே அனுப்புவது உத்தமம்.