மடிக்கும் கூரையில் கிழிசல்: ஒட்டினால் நிற்குமா?

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் வினைல் கூரை மடிப்பில் விரலளவு கிழிந்துவிட்டது, ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்டலாம்; ஆனால் உடனடிப் பசை (சூப்பர் க்ளூ) வேண்டவே வேண்டாம். அது கல்லாக இறுகி, மறுபடி மடிக்கும்போது பக்கத்திலேயே புதிதாகக் கிழித்துவிடும். உட்புறத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற துப்புரவுத் திரவத்தால் துடைத்து, ஓரங்களை நெருக்கி, மூலைகளை வட்டமாக வெட்டிய வினைல் துண்டை வளைந்து கொடுக்கும் பசையால் ஒட்டுங்கள். ஒரு நாளாவது மடிக்காதீர்கள். தையல் பிரிந்திருந்தால் பசைக்கு வேலையில்லை. வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூலால் பழைய துளைகள் வழியாகவே தைக்க வேண்டும்.

கிழிசலுக்கு நேர் கீழே கூரையைத் தாங்கும் சட்டத்தின் மூட்டில் விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும்: ஒரு பிசிறு, அல்லது வினைலைக் கடிக்கும் மூட்டு. அதை விட்டுவிட்டு ஒட்டுவது வீண்வேலை.

1997 வரை வந்த முதல் தலைமுறை வண்டி என்றால் பின்ஜன்னல் பிளாஸ்டிக். ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகக் கிடத்திய பிறகே கூரையை இறக்குங்கள்; கடுங்குளிரில் இறக்கவே வேண்டாம்.