மூளைச் சிப்: எதை அனுப்புவது, எதை விடுவது?

மூளையின் மின்சிக்னல்களைப் படிக்கத் தலைக்குள் பொருத்தும் சிப், பதிவு செய்வதை அப்படியே வெளியே அனுப்பினால் என்ன? வயர்லெஸ்தான் இவ்வளவு வேகமாகிவிட்டதே?

அனுப்பலாம், ஆனால் சூடாகும். நியூராலிங்க் என்ற நிறுவனத்தின் சிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: சிக்னலைப் பிடிக்க 1024 மின்முனைகள், ஒவ்வொன்றிலும் நொடிக்குச் சுமார் 20,000 அளவீடுகள், அளவீட்டுக்கு 10 பிட். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 200 மெகாபிட். ஒவ்வொரு பிட்டை அனுப்பவும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும், அது கடைசியில் வெப்பமாகிறது, பக்கத்தில் இருப்பதோ மூளை. திசுவின் சூடு 1 டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் துறையின் வழக்கம்.

ஸிப் ஃபைல் மாதிரி எதையும் இழக்காமல் சுருக்க முடியாதா?

2024இல் நியூராலிங்க் இதையே சவாலாக வைத்தது: எதையும் இழக்காமல் 200 மடங்கு சுருக்க வேண்டும், அதுவும் 10 மில்லிவாட்டுக்குள். அந்த இலக்கே தப்பு என்பது என் கருத்து. ஒரு மின்முனையின் பதிவைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள், முழுக்கப் புல் முளைத்த மாதிரி சிலிர்ப்பு, நடுவில் எப்போதாவது ஊசி இறங்கியதுபோல ஒரு சரிவு, 1 மில்லிநொடிதான், அதுதான் நியூரான் (மூளையின் நரம்புச் செல்) பேசியது. மற்றதெல்லாம் இரைச்சல். இரைச்சலில் ஒழுங்கு கிடையாது, ஒழுங்கு இல்லாததை இழப்பில்லாமல் அவ்வளவு தூரம் சுருக்க வழியே இல்லை.

அப்போ எதை வைத்துக்கொள்வது?

அந்த ஊசிகளை எண்ணுங்கள், போதும். 20 மில்லிநொடிக்கு ஒரு தடவை, மின்முனைக்கு 4 பிட் என்று அனுப்பினால் மொத்தமே நொடிக்கு 0.2 மெகாபிட்தான், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. சிப் செய்யும் வேலையும் சிக்னல் ஒரு எல்லைக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது மட்டுமே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சிந்தியா செஸ்டெக் குழு வேறு வழியில் போனது: ஊசிகளைத் தேடாமல் 300 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான சிக்னலின் வலிமையை மட்டும் எடுத்தார்கள், நொடிக்கு 2000 அளவீடு போதும். எனக்கு இது ரொம்பப் பிடித்த யோசனை, ஏனென்றால் இரைச்சலுக்குள் பாதி மூழ்கிய சின்ன ஊசிகளும் இதில் கணக்கில் வருகின்றன.

வீசியதில் முக்கியமானது போய்விட்டால்?

போகத்தான் செய்யும், எதற்காக அந்தச் சிப் என்பதைப் பொறுத்தது. நினைப்பாலேயே கணினித் திரையில் கர்சரை நகர்த்த எண்ணிக்கை போதும். வலிப்பு நோயைக் கவனிக்க வேண்டுமென்றால் மெதுவான அலைகள் தேவை, அதை எண்ணிக்கை காட்டாது.

பிரெயின்கேட் என்ற அமெரிக்க ஆய்வுக் குழு முழுதையும் வயர்லெஸ்ஸில் அனுப்பியதே?

ஆமாம், 2021இல் வெளியிட்டார்கள்: 200 மின்முனைகள், நொடிக்கு 48 மெகாபிட், இரண்டு பேரின் வீட்டிலேயே. ஆனால் அந்த டிரான்ஸ்மிட்டர்கள் தலைக்கு வெளியே மாட்டியவை, சூடு காற்றோடு போய்விடும்.