புள்ளிக் கீயில் டீ கொட்டினால்…

கேள்வி: டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கீபோர்டில் டீ கொட்டிவிட்டது. காய்ந்தபின் எல்லாம் வேலை செய்கிறது. எஃப் கீ மட்டும் அழுத்தினால் மேலே எழும்புவதில்லை. தமிழ்99 என்கிற தமிழ்த் தட்டச்சு முறையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அதில்தான். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடலாமா? ஷிஃப்டைத் தட்டும்போது வேறு திடீரென ஒரு பெட்டி வருகிறது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: எண்ணெய் பாட்டிலை மூடி வையுங்கள், அம்மா. தையல் மிஷின் எண்ணெய் விட்டுப் பார்த்தவன் சொல்கிறேன். இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு போகும், அப்புறம் தூசியெல்லாம் அதில் ஒட்டிப் பசையாகிவிடும்.

டீயில் தண்ணீர் போய்விட்டது, சர்க்கரை போகவில்லை. கீயின் தண்டும் அது இறங்கும் குழியும் அதில்தான் ஒட்டிக்கிடக்கின்றன. கடையில் கேட்டால் ஐபிஏ என்கிற ஆல்கஹால் பாட்டிலைத் தருவார்கள். நல்ல சரக்குதான், ஆனால் சர்க்கரை அதில் கரையாது. நானே அரை பாட்டில் காலி செய்த பிறகுதான் புரிந்தது. பாகைக் கரைக்க வெந்நீர்தான் வேண்டும்.

முதலில் யூஎஸ்பி ஒயரைப் பிடுங்குங்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, எஃப் எழுத்து இருக்கும் கீ மூடியின் இரு பக்கமும் சேஃப்டி பின்னை மடக்கிக் கொடுத்து நேர்மேலாக நெம்புங்கள், ‘டக்’கென்று வரும். காது குடையும் பஞ்சை வெந்நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, குழியின் சுவரைச் சுற்றித் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு வருவது நிற்கும்வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். கழற்றிய மூடியையும் வெந்நீரில் போடுங்கள். ஐபிஏ கடைசியில்தான், மிச்ச ஈரத்தை விரட்ட. ஒரு ராத்திரி காயட்டும். ஸ்பேஸ் பாரை மட்டும் தொடாதீர்கள். அடியில் ஒரு கம்பி இருக்கும், திரும்ப மாட்டுவதற்குள் உயிர் போய்விடும். லேப்டாப் என்றால் இந்த வேலையே வேண்டாம். அதன் கொக்கிகள் நகம்போல மெல்லியவை.

சோதிக்க ‘அம்மா’ என்று அடித்தால் பழுது தெரியாது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் தமிழ்99 தானாகவே புள்ளி வைத்துவிடும். ‘அவர்கள்’ என்று பத்து முறை அடித்துப் பாருங்கள்.

அந்தப் பெட்டிக்கும் டீக்கும் சம்பந்தமில்லை. ஷிஃப்டைத் தொடர்ந்து 5 முறை தட்டினால் விண்டோஸ் ‘ஸ்டிக்கி கீஸ்’ வேண்டுமா என்று கேட்கும். இரண்டு கீயைச் சேர்த்து அழுத்த முடியாதவர்களுக்கான வசதி அது. விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதில் கீபோர்டு. அந்தக் குறுக்குவழியை அங்கே அணைத்துவிடலாம்.